1942 சித்திரையில் வந்த விமானங்கள்: யப்பான், பிரித்தானியா, நடுவில எங்கட தீவு

உயிர்த்த ஞாயிறு எண்டால் எங்கட தலைமுறைக்கு 2019 தான் முதலில ஞாபகத்துக்கு வரும். ஆனால் அதற்கு 77 வருடங்களுக்கு முன்னரும் ஒரு உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. 1942 ஏப்ரல் 5. போட்டது யப்பான். நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, திருகோணமலை.

பள்ளிக்கூட வரலாற்றில் இது ஒன்றிரண்டு வரியோடு முடிஞ்சு போகும். வீடுகளில் "யப்பான்காரன் குண்டு போட்ட காலம்" எண்டு வயது போன ஆக்கள் சொல்லக் கேட்டிருப்போம். இந்த இரண்டுக்கும் வெளியில, இணையத்தில இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று, பிரித்தானியா இல்லாவிட்டால் யப்பான் எங்களை விழுங்கியிருக்கும் என்பது. மற்றது, யப்பான் ஆசியாவை வெள்ளையரிடமிருந்து விடுவிக்க வந்தது, நாங்கள்தான் பிழையான பக்கத்தில நிண்டுவிட்டோம் என்பது. இரண்டையும் ஒருக்கா உரசிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எண்ணெய்க்காகத் தெற்கே திரும்பின பேரரசு

யப்பானின் விரிவாக்கம் 1941 டிசெம்பரில் திடீரெண்டு தொடங்கினதல்ல. 1931 செப்டெம்பரில் மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் அங்கே மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை நிறுவினார்கள். உலக நாடுகளின் சங்கம் அதை ஏற்காதபோது 1933இல் சங்கத்தை விட்டே வெளியேறினார்கள். 1937 ஜூலையில் சீனாவுடன் முழுப்போர் மூண்டது. அதே வருட டிசெம்பரில் நான்ஜிங் நகரில் நடந்த படுகொலையும் பாலியல் வன்முறையும் இருபதாம் நூற்றாண்டின் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று. 'ஆசிய விடுதலை' பேசிய படை முதலில் கொன்று குவித்தது ஆசியர்களைத்தான். இதை மறந்துவிட்டு 1942ஐப் பேச ஏலாது.

சீனா விழும் எண்டு நினைச்சார்கள், அது விழவில்லை. போர் இழுபட இழுபட எண்ணெய், இறப்பர், தகரம், இரும்பு எல்லாம் தேவைப்பட்டது. யப்பானின் நிலத்தில எண்ணெய் இல்லாத குறை. அது பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ 80 வீதம் அமெரிக்காவில் இருந்து வந்தது. 1940 செப்டெம்பரில் பிரெஞ்சு இந்தோசீனாவின் வடக்கிலும், 1941 ஜூலையில் தெற்கிலும் யப்பானியப் படைகள் நுழைந்தன. பதிலுக்கு அமெரிக்கா யப்பானின் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. பிரித்தானியாவும் ஒல்லாந்தரும் சேர்ந்து கொண்டார்கள்.

இப்ப தோக்கியோவின் முன்னால் இரண்டு வழிதான். சீனாவில் இருந்து பின்வாங்குவது, அல்லது எண்ணெய் இருக்கிற இடத்தைப் பிடிப்பது. எண்ணெய் இருந்தது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளில், இன்றைய இந்தோனேசியாவில். இறப்பரும் தகரமும் பிரித்தானிய மலாயாவில். ஆக, தெற்கே போன பயணத்தின் அடியில கிடந்தது விடுதலைக் கனவல்ல, கையிருப்புக் கணக்கு. ஒரு பேரரசு இன்னொரு பேரரசின் களஞ்சிய அறையை உடைக்கப் போனது.

பத்துக் கிழமையில் உடைந்த கோட்டை

பேர்ள் ஹார்பரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே மலாயாவின் வடகிழக்கில் கோத்தா பாருவில் யப்பானியப் படைகள் கரையிறங்கத் தொடங்கிவிட்டன என்பது பலருக்குத் தெரியாது. நாட்கோட்டுக்கு இந்தப் பக்கம் அது டிசெம்பர் 8. இரண்டே நாளில், டிசெம்பர் 10 அன்று, 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்களை யப்பானிய விமானங்கள் தென்சீனக் கடலில் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். மேலே காவலுக்கு ஒரு விமானமும் இல்லாமல் போன கப்பல்கள் அவை. கடலில் ஓடிக்கொண்டிருக்கும் பெரும் போர்க்கப்பலை விமானம் மட்டும் தனியே மூழ்கடிக்கலாம் எண்டு உலகம் கண்டது அன்றைக்குத்தான்.

மலாயாவின் றோட்டுகளில் யப்பானியக் காலாட்படை சைக்கிளில் வந்தது. எதிர்த்து நிண்ட இடங்களில் காட்டுவழியாலும் கடல்வழியாலும் சுற்றி வந்து பின்பக்கம் இறங்கியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் விழுந்தது. பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜெனரல் பேர்சிவல், ஜெனரல் யமஷித்தாவிடம் சரணடைந்தார். சரணடைந்தவர்கள் 80,000க்கும் மேல். தாக்கியவர்கள் அதில் பாதியும் இல்லை. சரணடைந்தவர்களில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். வெற்றிக்குப் பிறகு யப்பானியர் சிங்கப்பூரின் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்து ஆயிரக்கணக்கில் கொன்றார்கள்.

மார்ச் 8 அன்று ரங்கூன் போனது. அதே கிழமை ஒல்லாந்தர் ஜாவாவில் சரணடைந்தார்கள். மார்ச் 23 அன்று அந்தமான் தீவுகள். இனி வங்காள விரிகுடாவில் மிச்சம் இருந்தது இந்தியாவின் கிழக்குக் கரையும் இலங்கையும்தான்.

கொழும்பு, ஞாயிறு காலை

அப்போதைய இலங்கைக்கு இரண்டு பெறுமதி. ஒன்று இடம். சூயஸ், பாரசீக வளைகுடா, இந்தியா, அவுஸ்திரேலியா என்று எந்தக் கப்பல் பாதையும் இந்தத் தீவை ஒட்டித்தான் போக வேண்டும். மற்றது இறப்பர். மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் பெருமளவில் கிடைக்கக்கூடிய இடம் இலங்கை. போரின் அவசரத்தில் தோட்டங்களில் மரம் சாகும் அளவுக்குப் பால் வெட்டப்பட்டது.

சிங்கப்பூர் விழுந்த பிறகு பாதுகாப்பு அவசர அவசரமாகத் திரட்டப்பட்டது. முழு அதிகாரத்தோடு அட்மிரல் லேய்ட்டன் தளபதியாக்கப்பட்டார். மத்திய கிழக்கில் இருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியப் படைப்பிரிவுகள் இரண்டு இங்கே இறக்கப்பட்டன. இந்தியப் படையும் கிழக்கு ஆபிரிக்கப் படையும் வந்தன. கொழும்புக் குதிரைப் பந்தயத்திடல் விமான ஓடுபாதையாக மாறியது.

கடலில் அட்மிரல் சொமவில்லின் கீழ் கிழக்குக் கடற்படை. பெயர் பெரிசு, உள்ளே பலவீனம். ஐந்து பெரும் போர்க்கப்பல்களும் முதலாம் உலகப்போர் காலத்தவை. வேகம் இல்லை, குடிதண்ணீர் கூடக் கனநாளைக்குக் காணாது. எதிரே வந்தது அட்மிரல் நகுமோவின் அணி: அக்காகி, சொர்யு, ஹிர்யு, ஷொகாக்கு, சுயிகாக்கு என்று ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். பேர்ள் ஹார்பரைத் தாக்கின அதே கைகள்.

சிங்கப்பூரில் இருந்து தப்பி கொழும்புக்கு வந்திருந்த பிரித்தானியக் குறிமுறை வாசிப்பாளர்கள் ஏப்ரல் 1ஆம் திகதியளவில் தாக்குதல் வரும் எண்டு முன்கூட்டியே கண்டுபிடித்தார்கள். சொமவில் தன் கப்பல்களைத் தீவுக்குத் தெற்கே கொண்டுபோய்க் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் முடிய, மாலைதீவின் அத்து பவளத்தீவில் இருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார். 'டோர்செற்ஷயர்', 'கோர்ன்வோல்' என்ற இரண்டு குரூசர்களைக் கொழும்புக்கும், 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். எல்லாரும் பிரிந்து போன நேரம்தான் நகுமோ வந்தார்.

ஏப்ரல் 4 பிற்பகல், காலிக்குப் பக்கத்தில கொக்கலை ஏரியில் இருந்து எழும்பிய கற்றலினா கடல் விமானம் ஒன்று தீவுக்குத் தென்கிழக்கே 350 மைலளவில் அந்த அணியைக் கண்டது. ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடியர். இலங்கைக்கு வந்து சில நாள்தான். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு விழுத்தப்பட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டு, போர் முடியும்வரை கைதிகளாக இருந்தார்கள். பிறகு அவருக்கு 'இலங்கையைக் காத்தவர்' என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. செய்தி கிடைத்ததால் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல அன்றிரவே வெளியேறின. அந்த அளவில் அது பெரிய காரியம்தான்.

ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பின்னாக ஏறக்குறைய 125 விமானங்கள் வந்தபோது, ராடர் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன் விமானங்கள் குண்டுகளுக்கு நடுவில்தான் எழும்பின. திருகோணமலையில் இருந்து அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்கள் ஆறும் விழுந்தன. துறைமுகத்தில் 'ஹெக்டர்', 'டெனடோஸ்' என்ற கப்பல்கள் மூழ்கின. இரத்மலானை ரயில்வே வேலைத்தளத்தில் குண்டு விழுந்தது. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் விழுந்தது. அன்றைக்குத் தாங்கள் விழுத்தியதாகப் பிரித்தானியர் அறிவித்த யப்பானிய விமானங்களின் தொகை, உண்மையில் விழுந்ததை விட மிகக் கூட. சனத்துக்குத் துணிவூட்டச் சொன்ன கணக்கு வருடக்கணக்காக வரலாறாகவே நிண்டுபோனது.

அதே நாள் பிற்பகல், கொழும்பை விட்டு வெளியேறியிருந்த இரண்டு குரூசர்களையும் யப்பானியர் கடலில் பிடித்தார்கள். கொஞ்ச நேரத்துக்குள் இரண்டும் அடியில். 424 பேர் இறந்தார்கள். மிச்சம் 1,100க்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளுக்கும் மேல் தண்ணீரில் மிதந்த பிறகு மீட்கப்பட்டார்கள்.

திருகோணமலை, மட்டக்களப்பு

ஏப்ரல் 9 காலை திருகோணமலை. சீனன்குடா விமானத்தளமும் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் இலக்கு. ஒரு பெரிய எண்ணெய்த் தாங்கி எரிந்து போனது. யாரிடம் போக வேண்டும் எண்டு கொழும்பும் டில்லியும் வருடக்கணக்காகப் பேசிவந்த அந்த 99 தாங்கிகள் இதே தொகுதியில் மிஞ்சியவைதான்.

'ஹேர்மிஸ்' முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தது. ஆனால் அதன் விமானங்கள் கரையில் நின்றன. விமானம் இல்லாத விமானந்தாங்கியை மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் யப்பானியர் கண்டார்கள். அரை மணித்தியாலமும் எடுக்கவில்லை. 307 பேரோடு போனது. துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரி 'வம்பயர்' அடுத்ததாக மூழ்கியது. தப்பினவர்களை 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது. அந்த இரும்பு இன்னும் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. மட்டக்களப்பு மீனவர்களுக்கும் சுழியோடிகளுக்கும் இடம் தெரியும்.

அன்றைக்கு எதிர்த்தாக்குதல் எண்டு ஒன்று நடந்தது. கொழும்புப் பந்தயத்திடலில் இருந்து போன ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பலணியைத் தேடிப் பிடித்து, அவருடைய சொந்தக் கப்பல் அக்காகியின் மேல் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. ஆனால் குண்டு விழும்வரைக்கும் கப்பல்களில் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை என்பது முக்கியம். அந்தக் கவனக்குறைவை யப்பானியர் பாடமாக எடுக்கவில்லை. எட்டுக் கிழமை கழித்து, ஜூன் 4 அன்று, மிட்வேயில் அமெரிக்க விமானங்கள் அதே மாதிரி மேலிருந்து இறங்கின. நாலு விமானந்தாங்கிகள் போயின. அதில் அக்காகி, சொர்யு, ஹிர்யு மூன்றும் கொழும்புக்கு வந்தவை.

ஏன் கரையிறங்கவில்லை?

"பிரித்தானியர் அடிச்சுத் துரத்தினார்கள்" என்ற கதை இங்கேதான் தடுமாறுகிறது. நகுமோ தோற்றுத் திரும்பவில்லை. அவரோடு கரையிறங்கும் படை வரவேயில்லை. இலங்கையைப் பிடிக்கும் யோசனை யப்பானியக் கடற்படையிடம் இருந்தது உண்மை. ஆனால் தரைப்படை ஆள் தர மறுத்துவிட்டது. அதன் பெரும்பகுதி சீனாவில் மாட்டுப்பட்டிருந்தது. சீன விவசாயி 1937இல் இருந்து கொடுத்த விலைதான் 1942இல் எங்கட கரையைக் காத்தவற்றில் ஒன்று எண்டு சொன்னால் அது மிகையில்லை. கொழும்பில் அவருக்குச் சிலையில்லை.

யப்பானியர் வந்தது கிழக்குக் கடற்படையை நொருக்கி, பர்மாப் பக்கத்தின் கடலைத் தங்களுக்குப் பாதுகாப்பாக்க. அதை ஓரளவு செய்தார்கள். அதே நாட்களில் அட்மிரல் ஒசாவாவின் இன்னொரு அணி வங்காள விரிகுடாவில் 23 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மதராசில் இருந்து சனம் கூட்டம் கூட்டமாக உள்ளூர்களுக்கு வெளிக்கிட்டது, கொழும்பிலும் அப்படித்தான். சொமவில்லின் கப்பல்கள் ஆபிரிக்கக் கரையில் கிலிண்டினி வரை பின்வாங்கின. மடகஸ்காரும் போய்விடும் என்ற பயத்தில் மே மாதம் பிரித்தானியா அந்தத் தீவில் படையிறக்கியது.

நிலைமை மாற இரண்டு வருடம் எடுத்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அதே மாதம் திருகோணமலையில் இருந்து புறப்பட்ட பிரித்தானிய, அமெரிக்க விமானந்தாங்கிகள் சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கின. அந்த நேரம் இம்பாலிலும் கொகிமாவிலும் யப்பானின் 15ஆம் படை முறிந்துகொண்டிருந்தது. 50,000க்கும் மேற்பட்ட இழப்பு, பெரும்பகுதி பசியும் நோயும். எதிர்த்து நின்ற 14ஆம் படையில் பிரித்தானியரை விட இந்தியரும் ஆபிரிக்கரும்தான் கூட.

இது யாருடைய போர்?

1942இல் இந்தத் தீவின் ஆக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பதில் சொன்னவர்கள் இருந்தார்கள். அரசாங்க சபையின் தலைமை பிரித்தானியாவோடு ஒத்துழைத்தது. கம்யூனிஸ்டுகள், சோவியத் தாக்கப்பட்ட பிறகு, இது பாசிசத்துக்கு எதிரான போர் என்றார்கள். லங்கா சமசமாஜக் கட்சி இது ஏகாதிபத்தியங்களின் சண்டை என்றது. அதற்காக என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் 1940இல் இருந்து சிறையில். கொழும்பில் குண்டு விழுந்து இரண்டு நாளில், ஏப்ரல் 7 அன்று, ஒரு காவலரின் உதவியோடு அவர்கள் கண்டி போகம்பறைச் சிறையில் இருந்து தப்பினார்கள். பிறகு அவர்களில் சிலர் இந்தியாவுக்குப் போய் அங்கேயும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் நின்றார்கள். யப்பானை அவர்கள் வரவேற்கவும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பதில் கொக்கோஸ் தீவில் வந்தது. மே 8 இரவு, அங்கே காவலில் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு பகுதி கிரேஷன் பெர்னாண்டோவின் தலைமையில் கிளர்ந்தது. பீரங்கிகளைப் பிடித்துத் தீவை யப்பானியரிடம் கொடுப்பது நோக்கம். அவருடைய இயந்திரத் துப்பாக்கி இறுகிக்கொண்டது; கிளர்ச்சி அன்றிரவே முடிந்தது. இறந்தவர் சக இலங்கைச் சிப்பாய் ஒருவர். ஓகஸ்டில் வெலிக்கடையில் கிரேஷன் பெர்னாண்டோவோடு கார்லோ கௌடர், பெனி டி சில்வா என்ற மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூன்று பேர் மட்டுமே.

அவர்களுடைய கோபம் எங்களுக்கு விளங்குது. நிற வேறுபாடு பார்த்த படையில், தன்னை ஆள்கிறவனின் கேபிள் நிலையத்தைக் காக்க நிண்ட இளைஞர் அவர்கள். ஆனால் அவர்கள் நம்பிப் போன கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்கத்தான் வேணும்.

பெயரில்லாத ஆக்கள்

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது தாய்லாந்து–பர்மா ரயில்பாதை. 415 கிலோமீற்றர். கடல்வழி பாதுகாப்பில்லை எண்டு பர்மாவுக்குத் தரைவழி தேடி, 1942 நடுப்பகுதியில் இருந்து 1943 ஒக்டோபருக்குள் யப்பானியர் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்டது. நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கும் மேல் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேல் இறந்தார்கள். படமும் புத்தகமும் அவர்களைப் பற்றித்தான். அவர்களை விடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள்: பர்மியர், மலாயர், ஜாவாக்காரர், மலாயாத் தோட்டங்களின் தமிழர். இறந்தவர்கள் 90,000 அளவில் எண்டு மதிப்பிடப்படுகிறது.

மலாயாவின் இறப்பரை வாங்க ஆளில்லாமல் போனபோது தோட்டத் தமிழருக்கு வேலை போனது. நல்ல சம்பளம், மூன்று மாத வேலை எண்டு சொல்லிக் கூட்டிப்போனார்கள். போன ஆக்கள் திரும்பாதபோது பிடித்துப்போகத் தொடங்கினார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி, அடி. கைதிகளுக்குச் சொந்தப் படையின் ஒழுங்கும் மருத்துவர்களும் கொஞ்சமாவது இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. குடும்பமாகப் போன இடங்களில் குழந்தைகளும் செத்தன. 'ஆசியா ஆசியருக்கே' என்ற சுலோகத்தை அளக்க இதை விடச் சரியான கோல் எங்களுக்குத் தெரியாது.

மற்றப் பக்கமும் சுத்தமில்லை. யப்பான் வந்தால் பயன்படுத்தக்கூடாது எண்டு, 1942இல் வங்காளக் கரையோரத்தில் பிரித்தானிய ஆட்சி படகுகளையும் அரிசி இருப்பையும் அப்புறப்படுத்தியது. பர்மா அரிசியும் நின்றிருந்தது. மீனவரும் படகோட்டியும் முதலில் விழுந்தார்கள். 1943 வங்காளப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 30 இலட்சம் வரை. இலங்கையும் பாதிக்கு மேல் வெளிநாட்டு அரிசியில்தான் சீவித்தது, அதில் பெரும்பங்கு பர்மாவினது. இங்கே பங்கீடு வந்தது. கூப்பனும் சங்கக்கடையும் ஊரூராகப் பரவியது அந்தக் காலத்தில்தான். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளுக்கு மலாயாவில் இருந்து வந்த காசும் கடிதமும் மூன்றரை வருடம் நின்றது.

ஆக, எங்கட முடிவு இது. யப்பானின் தாக்குதலைத் தடுக்க வேண்டியிருந்தது; நான்ஜிங்கும் ரயில்பாதையும் அதற்குப் போதிய சாட்சி. ஆனால் தடுத்தவர்கள் எங்களுக்காகத் தடுக்கவில்லை. அவர்கள் காத்தது ஒரு துறைமுகத்தையும் ஒரு கப்பல் பாதையையும் இறப்பரையும். இரண்டு பேரரசுகளின் வரைபடத்திலும் இந்தத் தீவு ஒரு இடம். சனம் அந்த இடத்தில் தற்செயலாக இருந்தது. இன்றைக்குத் திருகோணமலையின் தாங்கிகளைப் பற்றியும் எங்கட துறைமுகங்களைப் பற்றியும் வெளியில இருந்து வருகிற பேச்சைக் கேட்கிறபோது, அந்தப் பார்வை மாறிவிட்டதாகத் தெரியவில்லை.

நிலாவெளி வீதியில் போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. புல் வெட்டி, பெயர் பொறித்து, ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் அப்படித்தான், கிட்டத்தட்ட 7,000 கைதிகளின் கல்லறைகள். அதே பாதையில் செத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளருக்கு அந்தக் கல்லுகளில் ஒன்றுகூட இல்லை. யப்பானியர் பெயர்ப் பட்டியலைக் கவனமாக வைக்கவில்லை. திரும்பி வந்த பிரித்தானியருக்கும் அது அவசரமான வேலையாகப் படவில்லை. யார் எங்களைக் காப்பாற்றினார்கள் எண்டு சண்டை பிடிக்கிற நேரத்தில் அந்தப் பெயர்களைத் தேடுவது பிரயோசனமான வேலை. மலேசியாவில் தப்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் இருக்கிறார்கள். கேட்டு எழுத இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கு.